ஒன்றுமாகாதார் பெட்ரோல் போடுகிறார்

ஆபத்தைக் கண்டால் ஒதுங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வேண்டுமென்றே ஆபத்தைத் தேடிப் போய் மலையேறுகிறவர்களையும் தெரியும். நான் சொல்லப்போவது வேறோர் இனம். ஆபத்து என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே இவர்களுக்கு யாரும் தகவல் தெரிவிக்கவில்லை. ஈரக்கையோடு சுவிட்சைப் போடுவார்கள், ஆடுகிற ஏணியில் ஏறி நின்றுகொண்டு கீழே இருப்பவரிடம் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவார்கள், மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு, "போன வருஷம்தானே, பரவாயில்லை" என்று இரண்டு கரண்டி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார்கள். நீங்கள் பதறினால் முகத்துக்கு நேரே ஈயை விரட்டுவதுபோல் வலது கையை ஒரு வீசு வீசி, ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்கள்.

"அட, ஒண்ணும் ஆகாது சார்!"

அவ்வளவுதான். ஏன் ஆகாது, எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டுவிடாதீர்கள். இதுவரைக்கும் ஆகவில்லை, அதனால் இனிமேலும் ஆகாது. இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா உங்களுக்கு?

இந்த இனத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அலுவலகத்தில் அவருக்கு 'ஒன்றுமாகாதார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பட்டம் என்று நினைத்துப் பெருமையோடு ஏற்றுக்கொண்டவர். அலுவலகம் என்றேனே, அது ஓர் அச்சகம். அங்கே இவர்தான் மேற்பார்வையாளர். என்ன அச்சடிக்கிறார்கள் தெரியுமா? எச்சரிக்கைப் பலகைகள். 'மின்சாரம், தொடாதீர்', 'உடையும் பொருள், கவனம்', 'தலை இடிக்கும், குனிந்து வரவும்'. பத்தொன்பது வருஷமாக இவர் கையைத் தாண்டாமல் ஓர் எச்சரிக்கையும் வெளியே போனதில்லை. ஒன்றும் உள்ளே இறங்கியதுமில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, எட்டே முக்கால் மணி. ஒன்றுமாகாதார் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு போகிறார். பக்கத்தில் மனைவி. அந்த அம்மாள் நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. வழக்கமாக உடன் வேலை செய்யும் தோழியின் காரில் போய்விடுவாள். அன்றைக்குத் தோழிக்குக் காய்ச்சல், இவளுக்கோ ஒன்பதரை மணிக்குச் செய்முறைத் தேர்வு. நாற்பது மாணவிகள் வெள்ளை உடுப்போடு வாசலில் நிற்பார்கள், ஆய்வுக்கூடத்துச் சாவி இவள் கைப்பையில் இருக்கிறது.

"ஏங்க, சிவப்பு விளக்கு எரியுதே. வழியில பெட்ரோல் போட்டுக்கலாமே."

"அதெல்லாம் எரியும். இன்னும் அம்பது கிலோமீட்டர் தாராளமா ஓடும். ஒண்ணும்..."

கார் ஒரு விக்கல் விக்கியது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் முன்னால் ஒரு கும்பிடு போட்டு நிமிர்ந்தார்கள்.

"பங்க்கு வருது, திருப்புங்க" என்றாள் மனைவி.

ஒன்றுமாகாதாருக்குப் பயம் வந்துவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிடும் என்ற பயமல்ல அது. அந்த பங்க் அவருக்குப் பழக்கமான இடம். அதன் தரை ரசமட்டம் வைத்துப் பார்த்துப் போட்டதுபோல் அப்பட்டமான சமதரை.

சமதரைக்கும் அவருக்கும் என்ன பகை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். காரின் பேட்டரி மூன்று வாரத்துக்கு முன்பே உயிரை விட்டுவிட்டது. மெக்கானிக், "சார், உடனே மாத்திருங்க, நடுரோட்டுல நிக்க வச்சுரும்" என்றார். இவர் கையை வீசினார். மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் தெரு சரிகிற பக்கமாகக் காரின் மூக்கை வைத்து நிறுத்தினார். காலையில் பிரேக்கை விட்டால் கார் தானாக உருளும், உருளும்போது கியரைப் போட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். அச்சகத்தில் காகிதம் இறக்குவதற்கென்று ஒரு சாய்தளம் இருந்தது, அங்கே நிறுத்தினார். முடிவெட்டிக்கொள்ளவும் பல் பிடுங்கிக்கொள்ளவும் மேட்டில் கடை வைத்திருப்பவர்களாகப் பார்த்துப் போனார். ஊரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்பது மழைத் தண்ணீருக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் பரவாயில்லை. பதினைந்து நாளைக்கு முன் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி பேட்டரியைப் பற்றிக் கேட்டபோது, "அதை அப்பவே மாத்தியாச்சே" என்று சொல்லிவிட்டு, நிதானமாக மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்தான் இப்போது பயத்தைக் கொடுத்தது.

கார் பங்க்குக்குள் போய் இரண்டாம் நம்பர் பம்பின் பக்கத்தில் நின்றது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

பம்பில் இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நீலச் சட்டை, தொப்பி. குழாயைக் கையில் எடுத்தவள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"சார், எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

"ஓடிட்டு இருக்கட்டும்மா. நீ பாட்டுக்குப் போடு. ஒண்ணும் ஆகாது."

அந்தப் பெண் குழாயைத் திரும்ப அதன் இடத்தில் மாட்டிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். அவள் அவசரப்படுகிற ரகமில்லை என்பது கை கட்டிய விதத்திலேயே தெரிந்தது.

"என்னம்மா இது! லேட்டாகுதும்மா!"

"எனக்கு ரெண்டு மணி வரைக்கும் ட்யூட்டி சார்" என்றாள் அவள். பிறகு தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினாள். 'எஞ்சினை நிறுத்தவும். புகைக்காதீர். கைபேசி பேசாதீர்.'

ஒன்றுமாகாதார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பலகையை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மா, இந்த போர்டை அடிச்சது யாருன்னு தெரியுமா? நாந்தான்! எங்க பிரஸ்தான்! அந்த 'புகைக்காதீர்'ல கடைசிப் புள்ளி விழாம மூணு தடவை திரும்ப அடிச்சோம். சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கு. வெயில் போல."

"அப்ப படிச்சிருப்பீங்களே சார்."

"அச்சடிக்கிறவன் எதுக்கும்மா படிக்கணும்? அதுக்குத் தனியா ஆள் இருக்கு!"

பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுகிற லாரி. பீரோவும் சோபாவும் கட்டில் கால்களும் வானத்தைப் பார்த்தபடி கயிற்றுக் கட்டுக்குள் இருந்தன. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அணைச்சுட்டுத்தான் போடச் சொல்லுங்களேன். என்ன பிடிவாதம் இது, காலங்காத்தால?"

"நீ சும்மா இரு. நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒன்றுமாகாதார் காரிலிருந்து இறங்கினார். அந்தப் பெண்ணின் காதருகே போய், ரகசியம் சொல்கிற குழந்தைபோல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார். இங்கேதான் அவர் ஒரு தப்புக் கணக்குப் போட்டார். நாள் முழுக்க வண்டிச் சத்தத்தில் நிற்கிறவர்களிடம் கிசுகிசுக்கக் கூடாது.

"என்னது சார்?" என்று அவள் பங்க் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "பேட்டரி செத்துப்போச்சா?"

காரின் இடப்பக்கக் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது.

"பேட்டரியா?" என்றாள் மனைவி. "அதைத்தான் மாத்தியாச்சுன்னீங்களே?"

ஒன்றுமாகாதார் வானத்தைப் பார்த்தார்.

"எந்தக் காருக்கு மாத்தினீங்க?"

"மாத்தணும்னு... மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். கிட்டத்தட்ட மாத்தின மாதிரிதான்."

மனைவி கையை நீட்டிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. 

"அணைச்சாச்சு. போடுங்கம்மா" என்றாள் மனைவி.

அந்தப் பெண் குழாயை வைத்துப் பெட்ரோலை விட்டாள். கொஞ்ச நேரத்தில் 'டக்'கென்று தானாக நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் மனுஷன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாமா? பழக்கதோஷம் விடுமா?

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. கழுத்து வரைக்கும் பிடிக்கும். நான் வேணா வண்டியை லேசா ஆட்டிக் குடுக்கறேன்."

"வழியும் சார்."

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவர், கண்ணாடிக்குள்ளிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்களைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார்.

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். டிக். மறுபடியும் திருகினார். டிக். மூன்றாம் தடவை அந்த டிக்கும் இல்லை. மணி ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம். லாரிக்குப் பின்னால் இன்னும் நாலு வண்டிகள் சேர்ந்து ஆளுக்கொரு சுருதியில் ஹாரன் வாசிக்க ஆரம்பித்தன.

லாரியிலிருந்து மேஸ்திரி இறங்கி வந்தார், கூடவே மூன்று ஆட்கள். மேஸ்திரி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார்.

"நாலு ஆள் சாமான்தான். மாடிப்படி இல்லை, அதுவே பெரிய விஷயம்" என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, ஒன்றுமாகாதாரிடம் கேட்டார்: "உள்ள ஏதாவது உடையிற பொருள் இருக்கா சார்?"

"என் பொண்டாட்டி இருக்கா."

"அவங்க உடையிற மாதிரி தெரியலையே" என்றார் மேஸ்திரி.

அது உண்மைதான். அந்த அம்மாள் அதற்குள் இடம் மாறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "நீங்க இறங்கித் தள்ளுங்க" என்றாள் கணவனிடம். பங்க் பெண், "அண்ணே, இங்க வச்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க, வாசலைத் தாண்டி ரோட்டுக்குக் கொண்டுபோங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, வழியில் வந்த வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்தினாள். மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லாரும் சேர்ந்து தம் பிடித்துத் தள்ளினார்கள். கார் நகர்ந்தது. ஒன்றுமாகாதாரின் வலது கால் ஷூவின் அடித்தோல் நகரவில்லை. அது இரண்டாம் நம்பர் பம்பிலேயே தங்கிவிட்டது. அதன் வாய் பிளந்து ஒரு மாசமாகிறது, செருப்புத் தைப்பவர் சொன்னார், இவர் என்ன சொன்னார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

சாலைக்கு வந்ததும் மனைவி கியரைப் போட்டு க்ளட்சை விட்டாள். கார் இருமியது, உதறியது, பிறகு கர்ஜித்துக்கொண்டு பாய்ந்தது. ஒன்றுமாகாதார் பின்னாலேயே ஓடினார்.

"நில்லு! நானும் வரேன்!"

"நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகாது! பிள்ளைங்க காத்துட்டிருக்கும்!" என்று குரல் மட்டும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு அசைந்தது. அது தனக்குக் காட்டிய டாட்டாவா, வலப்பக்கம் திரும்புவதற்குக் காட்டிய சைகையா என்பது அவருக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

கைபேசி காரில். மூக்குக் கண்ணாடிக் கூடு காரில். அவர் ஒரு முழு ஷூவும் ஒரு மேல்பாதி ஷூவுமாக நொண்டிக்கொண்டு பங்க்குக்குத் திரும்பினார். மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. "டீசல் போட்டதும் உங்களைப் போகவேண்டிய இடத்துல இறக்கிவிட்டுடறோம் சார். செத்த உக்காருங்க" என்றார். சுவரோரம் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின, அவற்றின் கீழே ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றுமாகாதார் ஒரு பெட்ரோல் பங்க்கைப் பார்த்தார். இத்தனை வருஷமாக வந்து போயிருக்கிறார், பார்த்ததில்லை. தரைக்கு அடியில் தொட்டி, அதில் எத்தனை ஆயிரம் லிட்டரோ. டீசல் பம்புக்கு நகர்ந்துவிட்ட லாரிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் ஸ்கூட்டர் இருக்கையின் மேல் பிளாஸ்டிக் கேனை வைத்துக்கொண்டு நிற்கிறான், பங்க் பெண் அவனைக் கேனைத் தரையில் வைக்கச் சொல்லி அதட்டுகிறாள். காற்றில் அந்த வாசனை. அது காரில் உட்கார்ந்து மோந்தபோது ஒரு மாதிரி இருந்தது. ஓட்டை ஷூவோடு வெளியில் உட்கார்ந்து மோந்தபோது வேறு மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஒரு வெள்ளைக் கார் வந்து இரண்டாம் நம்பர் பம்பில் நின்றது. கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையோடு ஒரு கனவான். எஞ்சின் ஓடுகிறது. ஒரு காதில் கைபேசி. ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற கையில் என்ன? சிகரெட். அதன் நுனியில் அழகாகச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கும் பம்பின் குழாய்க்கும் இடையே இரண்டு முழம்கூட இருக்காது.

"சார், சிகரெட்டை அணைங்க!" என்று பங்க் பெண் ஓடி வந்தாள்.

கனவான் கைபேசியிலிருந்து வாயை எடுக்காமலே, சிகரெட் பிடித்த கையை ஈயை விரட்டுவதுபோல் ஒரு வீசு வீசினார். பொறி இரண்டு பறந்தது.

"அட, ஒண்ணும் ஆகாதும்மா!"

ஒன்றுமாகாதாருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை, அதாவது ஷூ இல்லாத உள்ளங்கால் வரை, சில்லிட்டது. அந்த வீசல் அவருடையது. அந்த வாக்கியம் அவருடையது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டால் அது இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று யாராவது சொன்னார்களா? சொன்னார்கள், பத்தொன்பது வருஷமாகச் சொன்னார்கள், அதை விடுங்கள். அவர் யோசிக்கவில்லை. எழுந்தார், தலைக்கு மேலே தொங்கிய சிவப்பு வாளியைப் பிடுங்கினார், "அணைய்யா!" என்று அலறிக்கொண்டே ஓடினார், ஜன்னல் வழியாக வாளியைக் கவிழ்த்தார்.

வாளியில் இருந்தது மணல். எத்தனையோ மழையில் நனைந்து காய்ந்த மணல். அது பொலபொலவென்று கொட்டவில்லை. கேக்கை அச்சிலிருந்து தட்டியதுபோல் வாளியின் வடிவத்திலேயே முழுசாக இறங்கி, கனவானின் கை, சிகரெட், மடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தது. மேலே இரண்டு பழைய பஸ் டிக்கெட்டும் ஒரு மிட்டாய்க் காகிதமும் அலங்காரமாக இருந்தன.

"சார்!" என்றாள் பங்க் பெண் மூச்சுவாங்க. "வாயால சொன்னாலே போதும் சார்!"

கனவான் கதவைத் திறந்துகொண்டு, மணல் உதிர உதிர இறங்கினார். "யோவ், நீ யாருய்யா? எவ்வளவு திமிர் உனக்கு?"

ஒன்றுமாகாதார் அப்படியே நின்றார். கையில் வெறும் வாளி. வாயைத் திறந்தார். "நான்... நான்தான் அந்த போர்டை அடிச்சவன்" என்றார். வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால் அரசாங்கத்தில் மிகப் பெரிய பதவி வகிப்பவர்போல் இருந்தது. கனவான் பலகையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், ஒன்றுமாகாதாருக்குப் பின்னால் வந்து நின்ற மேஸ்திரியையும், பீரோ தூக்கிப் பழகிய மூன்று ஜோடித் தோள்களையும் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். கைபேசியையும் அணைத்தார்.

பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமாகாதார் லாரியின் முதுகில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலு பேருக்குத்தான் இடம் இருந்தது.

"பிடிச்சுக்குவீங்களா சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"கயிறு இருக்கா?" என்றார் ஒன்றுமாகாதார்.

இடுப்பில் இரண்டு சுற்றுக் கயிற்றோடு அவர் அச்சக வாசலில் வந்து இறங்கினார். இறங்குவதற்குள் கதை தயாராகிவிட்டது. "ஒருத்தன் சிகரெட்டோட வந்தான். நான் மட்டும் அங்க இல்லைன்னா இந்நேரம் பாதி ஊர் கிடையாது!" கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவர் எதற்காக அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தெரியாது.

சாயங்காலம் மனைவி காரில் வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள். நாற்பது மாணவிகளும் நேரத்துக்குத் தேர்வை முடித்துவிட்டார்கள். மத்தியானமே மெக்கானிக்கைக் கல்லூரிக்கு வரவழைத்துப் பேட்டரியை மாற்றிவிட்டாள். மூன்று வாரக் கதையை மெக்கானிக் முழுசாக, நடித்துக் காட்டிச் சொல்லியிருந்தார். அவள் எஞ்சினை அணைத்தாள். ஸ்டார்ட் செய்தாள். அணைத்தாள். ஸ்டார்ட் செய்தாள். வாசலில் நின்றிருந்த கணவனையே பார்த்துக்கொண்டு, இப்படி ஆறு தடவை செய்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நாற்காலி மேல் முக்காலியைப் போட்டு, அதன் மேல் ஏறி பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று பதறினேன். வழக்கம்போல் கை உயர்ந்தது, பாதியில் நின்றது. "ஒண்ணும்..." என்றார். சற்று யோசித்தார். "முக்காலியைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றார். இந்த இனத்தில் இதற்குமேல் திருத்தம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் எஞ்சினை அணைப்பவர், புகைக்காதவர், பலகைகளைப் படிப்பவர். ஒரு சின்ன சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறேன். இதைப் புத்தகமாகப் பிடித்துக்கொண்டு வீட்டில் சாய்ந்து படிக்கிறீர்களா, கைபேசியிலா? கைபேசியில் என்றால், எங்கே இருந்துகொண்டு? முன்னால் நின்ற வண்டி எப்போதோ போய்விட்டதே. நீலச் சட்டை போட்ட ஒருத்தர் உங்கள் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்கிறாரே, காதில் விழவில்லையா?